இடிந்த மாடியும் இசைந்த மனமும்

புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர் இருமருங்கும் ஒரு காட்சியைக் காணலாம். வீடுகளின் மொட்டை மாடியில், தூண்களின் தலைக்கு மேல், நான்கு நான்காக இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னொரு நாள் இன்னொரு மாடி எழுப்பலாம் என்னும் எண்ணத்தில் விடப்பட்டவை அவை. சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வருவோர்க்கு வாடகை அறைகள் தேவைப்படவே, அக்கம்பிகளுள் பல இன்று கான்கிரீட்டுக்குள் மறைந்து மாடிகளாகிவிட்டன. கும்மிடிப்பூண்டியிலேயே கம்பி உருட்டும் ஆலைகள் பல இருப்பதால் இப்பகுதியில் கம்பிக்குப் பஞ்சமும் இல்லை. அவற்றைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு கட்டடம் இடிந்து உயிர்கள் மாண்டால், அக்கொலையைச் செய்தவர் யார்?

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே அமர்ந்து நொறுங்கியது. இடிபாட்டுக்குள்ளிருந்து 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் ஊர் விட்டு ஊர் வந்து கல்லும் மண்ணும் சுமந்த தொழிலாளர். அடுத்த வாரமே, ஜூலை 6ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றத்திற்கு அருகே உயரமான சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சாய்ந்து, அதையொட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த 11 தொழிலாளர்களைக் கொன்றது. முதல் நிகழ்ச்சியே பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டாவதை இன்று நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

மௌலிவாக்கத்தில் மின்னல் தாக்கியதே காரணம் என்ற பேச்சு முதலில் எழுந்தது. மின்னல் மீது பழி சுமத்துவது எளிது. அது எழுந்து மறுக்காது. ஆயின் ஆராய்வோர் அதனுடன் நிறைவு கொள்வதில்லை. இத்தகைய ஆய்வில் வல்லுநர் செய்வது என்ன என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம். இடிந்த தூண்களிலிருந்து உருளை வடிவில் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்து, எவ்வளவு அழுத்தத்தில் அது நொறுங்குகிறது என்று பார்ப்பர். கம்பியை வெட்டி எடுத்து இழுத்துப் பார்ப்பர். மண்ணில் ஆழ்துளையிட்டு, அது எவ்வளவு சுமை தாங்கும் என்று அளப்பர். வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு தூணின் மேலும் எத்தனை மாடிகளின் பாரம் இறங்குகிறது என்று மீண்டும் கணக்கிடுவர். கணக்கு எளியதே. தூணின் பக்க அளவைப் பாதியாக்கினால் அதன் குறுக்குப் பரப்பு கால்பங்காகிவிடும். மேலிருக்கும் பாரமோ குறையாது. கலவை எளிதில் வழிய வேண்டுமென்று சேர்க்கப்படும் ஒரு வாளி மிகுதி நீர்கூட, உலர்ந்தபின் நுண்ணிய வெற்றிடங்களாக உள்ளே தங்கி, வலிமையைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாத இவற்றையெல்லாம் கான்கிரீட் மறவாமல் வைத்திருக்கும்.

ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஆர். ரகுபதி அவர்களின் ஒருநபர் விசாரணை ஆணையம் கட்டமைப்பு வடிவமைப்பில் இருந்த குறையையே முதன்மையாகச் சுட்டியது. தூண்கள் சுமக்க வேண்டிய பாரத்திற்கு ஏற்றவையாக இல்லை. அருகே நின்ற இரட்டைக் கட்டடமும் பாதுகாப்பற்றதென முடிவாகி, 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கப்பட்டது.

இதில் நம்மை நெடுநாள் உறுத்திய செய்தி ஒன்றுண்டு. திட்ட அனுமதி வழங்கும் அமைப்பு, கட்டமைப்பின் உறுதியைத் தான் சோதிப்பதில்லை என்றும், அதற்குக் கட்டுவோரும் கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியே பொறுப்பு என்றும் அன்று கூறியது. வாங்குவோர் அனுமதி முத்திரையை நம்புகின்றனர். கடன் தரும் வங்கி தாள்களை நம்புகின்றது. மேஸ்திரி வரைபடத்தை நம்புகிறார். ஒருவர் கையெழுத்தின் மேல் மற்றொருவர் கையெழுத்து நிற்கிறது. தூணை நேரில் நின்று பார்த்தவர் எவர்?

நம் ஆசாரியர்கள் வினையை மூவகையாகப் பகுத்தனர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். பழைய உரைகளில் இதைப் படிக்கும்போது வெறும் பட்டியலாகத் தோன்றும். மௌலிவாக்கத்தின் முன் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும். “கொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவில்லையே” எனச் சிலர் வினவலாம். உண்மை. இல்லறத்தான் வீடு கட்டுவதிலும் தொழில் புரிவதிலும் நேரும் இம்சையைச் சங்கற்ப இம்சையோடு ஒன்றாக வைக்கலாகாது. எனினும் பிரமாதம் எனப்படும் கவனமின்மையையே இம்சையின் வேர் என்றனர் முன்னோர். நான்கு முழம் தரையை நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் எறும்பு தற்செயலாக இறப்பினும் அவர் குற்றமற்றவர். பாராது நடப்பவன் அடியில் ஓர் எறும்பும் இறக்காவிடினும் அவன் இம்சை செய்தவனே. இதனைக் கட்டடத்திற்குப் பொருத்தினால் அச்சம் பிறக்கிறது. இடியாத கட்டடத்தைக் கட்டியவனும் குற்றவாளியாக இருக்கக் கூடும் அன்றோ?

இலண்டனில் 1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பில், 18ஆம் மாடிச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. ஒரு மூலை முழுதும் சீட்டுக்கட்டு போலச் சரிந்து நால்வர் இறந்தனர். கட்டடம் செப்பனிடப்பட்டு, மக்கள் மீண்டும் குடியேறினர். 1986இல் அதனை மாடி மாடியாகப் பிரித்தெடுத்த போதுதான், சுவர்ப் பலகைகளின் இணைப்புகள் பலவும் முறையாக நிரப்பப்படாமலே இருந்தது வெளிப்பட்டது. இடையிட்ட ஆண்டுகளெல்லாம் குழந்தைகள் அங்கே உறங்கியிருக்கிறார்கள்.

அதற்காக, எல்லாரும் குற்றவாளிகள் என்று பொதுவாகச் சொல்லிக் கைகழுவுவதையும் நாம் ஏற்கவில்லை. வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் 2013 ஏப்ரல் 23ஆம் நாள் விரிசல் கண்டவுடன் அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. மறுநாள் தையல் தொழிலாளர் மட்டும் உள்ளே வரவழைக்கப்பட்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சத்துடன் படியேறிய பெண்ணும் அவளை ஏறச் சொன்னவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படலாமா? அநேகாந்தம் பல பக்கங்களையும் பார்க்கச் சொல்கிறது. எடை போடாதே என்று சொல்லவில்லை. நல்ல ஆய்வாளரும் மண்ணின் பங்கு இவ்வளவு, தூணின் பங்கு இவ்வளவு எனப் பிரித்தே எழுதுவர்.

இனி நம் கதை. புதுவாயலில் நம் இல்லத்திற்குத் தரைத்தளமும் ஒரு மாடியும் தாங்கும் அளவிலேயே அடித்தளம் இடப்பட்டது. 2011இல் வாடகையை எண்ணி இரண்டாம் மாடி எழுப்ப விரும்பினோம். “ஐயா, ஒன்பது அங்குலத் தூண் இது. வேண்டாம்” என்றார் மேஸ்திரி. நாம் வேறொரு பொறியாளரை நாடினோம். அவர் இல்லத்தைப் பாராமலே, தேநீர் ஆறுமுன் கையெழுத்திட்டுத் தந்தார். அன்று நமக்குண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. செய்தவர் மேஸ்திரி, செய்வித்தவர் நாம், உடன்பட்டவர் அவர். ஒடிசாவிலிருந்து வந்த அறுவர் அம்மாடியில் குடியேறினர்.

மௌலிவாக்கச் செய்தி வந்தபின் உறக்கம் கெட்டு, பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுத்தியலால் தட்டியும் ஓரிடத்தில் பூச்சைப் பெயர்த்தும் பார்த்துவிட்டு அவர் கூறினார்: “விழும் என்று சொல்லமாட்டேன். விழாது என்று கையெழுத்திடவும் மாட்டேன்.” மேலிருந்த தண்ணீர்த் தொட்டியை இறக்கினோம். அறுவரிடமும் முன்பணத்தைத் திருப்பித் தந்து அறைகளைக் காலி செய்வித்தோம். நற்செயல் புரிந்துவிட்டதாகவே சில நாள் நினைத்திருந்தோம்.

அவர்கள் அடுத்த தெருவிலேயே வேறொரு மாடியில் குடியேறினர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவ்வீட்டுக்காரர் 2012இல் நம்மிடம் வந்து, கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்று கேட்டவர். நாமே பெயரும் முகவரியும் தந்திருந்தோம். அவரைத் தேடிச் சென்று, தூண்களை ஒருமுறை சோதிப்பது நலம் என்று எடுத்துரைத்தோம். அவர் நம்மை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உங்கள் வீடு நன்றாகத்தானே நிற்கிறது ஐயா” என்றார்.