மறப்பதற்கு யாருக்கு உரிமை

ஒத்தக்கடை தாண்டி, யானைமலை பின்னால் போனதும் இருபுறமும் வயல் விரியும் மேலூர்ச் சாலையில் பல வருஷங்களாகப் போய்வருகிறேன். மேலூருக்கு அப்பால் இருக்கும் மேலவளவு வெகுகாலம் எனக்கு பஸ் பலகையில் எழுதிய ஒரு பெயர் மட்டுமே.

1996இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட வந்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, தேர்தல் தடைப்பட்டது. கடைசியில் முருகேசன் தலைவரானார். எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்க மதுரைக் கலெக்டர் அலுவலகம் போய்விட்டு, 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று அவரோடு சாகடிக்கப்பட்டவர்கள் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி. பெயர்களை வரிசையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'முருகேசனும் மற்ற ஐவரும்' என்றே நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

வெறுப்புக்கு மனிதன் தேவைப்படுவதில்லை. அவன் பிறந்த சாதி போதும். எதிரே நிற்பவனின் முகத்தை அழித்துவிட்டுத்தான் அது அரிவாளை எடுக்கிறது. நட்பின் நினைவு இதற்கு நேர்மாறானது. இவன் இப்படிச் சிரிப்பான், இந்த இடத்தில் பேச்சை நிறுத்துவான் என்று, இன்னொருவரால் ஈடுசெய்ய முடியாதவனாக அவனை அது வைத்திருக்கிறது. எனக்கு அந்த நினைவு இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவரையும் நான் அறிந்ததில்லை. ஆகவே என் துக்கம் அவர்களுடைய நண்பர்களின் துக்கம் என்று பாவனை செய்வது இன்னொரு பொய். சாதியை ஒதுக்கிவிட்டு 'மனிதர்கள்' என்று பொதுவாக அழுவதோ அதைவிடப் பெரிய பொய். ஏனெனில் அவர்கள் ஏன் கொல்லப்பட்டார்கள் என்பதையே அது மறைக்கிறது.

2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவரும், 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 13 பேரும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். சிறையிலிருப்பவன் என்றாவது வெளியே வரக் கூடாது என்று நான் வாதிடவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. மன்னிப்பு, காயம்பட்டவன் கொடுக்க வேண்டியது. அவன் செத்துவிட்டால், அவனை அறிந்தவர்களிடம் அது ஒரு அடைக்கலப் பொருள்போல் இருக்கிறது. கொடுப்பதா, மறுப்பதா என்பது அவர்கள் பாடு. தலைவர் ஒருவரின் பிறந்தநாள் கணக்கில் எழுதித் தள்ளுபடி செய்யக்கூடிய பாக்கி அல்ல அது.

இதை எழுதும்போதே கை தயங்குகிறது. அரசுக்கு மறக்க ஒரு உத்தரவாவது தேவைப்பட்டது. எனக்கு அதுவும் தேவைப்படவில்லை. 1997இல் செய்தியைப் படித்த காலை, டீக்கடையில் ஒருவர் 'கிராமத்துச் சண்டை' என்றார். நான் மறுக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நண்பனுக்கு நினைவு தானாக வருகிறது. அவனால் தடுக்கவும் முடியாது. அன்னியனுக்கு அது வருவதில்லை. அவன் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அன்று டீக்கடையில் சொல்லாமல் விட்டதைச் சொல்வது அதில் முதல் காரியம் என்று நினைக்கிறேன். அது சண்டை அல்ல. சண்டைக்கு இரு தரப்பு வேண்டும். இவர்கள் ஊராட்சி மன்றத்தில் ஒரு நாற்காலியையும், எரிந்த கூரைக்கு ஈட்டையும் கேட்டார்கள். அவ்வளவுதான்.