ஏழு மணிச் சங்கு

விருந்து நடக்கிற வீட்டில் ஒருவர் மட்டும் விரதம் இருப்பது கஷ்டம். எங்கள் ஆழ்வார்பேட்டையில் ஒருவர் கைப்பேசியை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கட்டும், "உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் பதறிவிடுவார்கள். ஐந்தாமவர், "கர்வம்!" என்பார்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள வட்காவ் கிராமத்தார் 2022-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் மின்சாரச் சங்கு ஊதியதும் ஊரே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்தது, 8.30-க்கு மறுசங்கு. அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் யாருக்கும் பதில் பாக்கி இல்லை.

ஓய்வுக்கு நம் மனவுறுதி மட்டும் போதாது, பிறர் சம்மதமும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் தெருவில் சங்கு ஊத ஆளில்லை. போகட்டும், பதில் தாமதித்தவரைக் கோபிக்காமல் இருக்கலாம் அல்லவா? அந்தத் தர்மத்துக்குச் சங்கு எதற்கு?