தந்தையின் தோழரைத் தேடிச் செல்லுங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு வியாபாரி மவுத்தானால், கடன் ஏதும் உண்டா என்று பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். மைய்யித்தின் கடனைத் தீர்ப்பது முந்திய கடமை. ஆகவே அது நல்ல கேள்விதான். ஆனால் பணக்கடன் தீர்ந்த பிறகும் சில பிள்ளைகளின் நெஞ்சில் ஒரு பாக்கி நிற்கிறது. "அத்தா எங்களை ஒரு நாளாவது மடியில் வைத்ததுண்டா?" என்ற பாக்கி அது. அது நிற்கும்வரை துஆவுக்குக் கை ஏந்தினாலும் மனம் ஏந்துவதில்லை.

இதற்கு மார்க்கம் என்ன வழி சொல்கிறது? பெற்றோர் இறந்த பின்பும் அவர்களுக்குச் செய்யவேண்டிய நன்மை உண்டா என்று ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். அவர்களுக்காகத் துஆ செய்வது, பாவமன்னிப்புத் தேடுவது, அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, அவர்கள் வழி உறவைப் பேணுவது, அவர்களுடைய தோழர்களைக் கண்ணியப்படுத்துவது என்று நாயகம் விடை தந்தார்கள். இது அபூதாவூதில் வரும் ஹதீஸ்.

ஹஜ்ரத் உமர் (ரலி) கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய மகனார் இப்னு உமர் (ரலி) மக்கா செல்லும் வழியில் ஒரு நாட்டுப்புற அரபியைக் கண்டு, தம் கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு எதற்கு என்று உடன் வந்தோர் கேட்க, இவருடைய தந்தை என் தந்தைக்குத் தோழர் என்றார்கள்.

தந்தையின் தோழரைத் தேடிப் போவதில் இன்னொரு பலனும் உண்டு. தந்தை யார் என்பது அவரிடம்தான் தெரியவரும். எங்கள் அத்தா இங்கே செங்கில் கடை நடத்தியவர். வீட்டில் பேச்சு குறைவு. அவர் மவுத்தான பின், அவரோடு ஒரே கப்பலில் வந்த பெரியவரைப் பார்த்து ஸலாம் சொல்லப் போனேன். அவர் சொன்ன விவரம் இது:

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியபோது என் பாட்டனார் மலாக்காவில் கடைச் சிப்பந்தி. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை அவரால் ஊருக்குக் கப்பலேறவோ பணம் அனுப்பவோ முடியவில்லை, கடிதமும் இல்லை. சேர்த்துவைத்த ஜப்பான் நோட்டுகளோ யுத்தம் முடிந்ததும் வெறும் காகிதமாயின. அத்தா தம் தகப்பனாரின் முகத்தை அறிந்ததே எட்டு வயதில். பன்னிரண்டு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கு வந்து கடையில் நின்றார்; இரவில் அரிசி மூட்டை மீது படுத்தார்.

"தகப்பன் மடியை அறியாத பிள்ளைக்கு, மடி விரிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள் தம்பி? ஆனாலும் மாதக் கணக்குப் பார்த்தால், உங்கள் படிப்புச் செலவைத்தான் முதலில் எடுத்துவைப்பார்" என்றார் பெரியவர்.

சகோதரர்களே! சபுராளிகளின் வீடுகளில் பலவற்றுக்கு இதுதான் கதை. நம் தந்தையர் அன்பைப் பேச்சில் தரவில்லை, உழைப்பில் தந்தார்கள். அதை வரவு வைக்காமல் கணக்கை முடிப்பது நியாயமாகாது.

அதற்காக, வாய் மூடியிருப்பதே தகப்பனுக்கு அழகு என்று யாரும் எண்ணவேண்டாம். நாயகம் (ஸல்) பேரர் ஹஸனை முத்தமிட்டபோது, எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ இப்னு ஹாபிஸ். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நாயகம் எச்சரித்தார்கள்.

ஆகவே, தந்தையை இழந்தவர்கள் அவருடைய தோழர்களைத் தேடிச் செல்லுங்கள். தகப்பனாயிருப்பவர்கள் இன்றே பிள்ளைகளை அருகில் அழைத்துப் பேசுங்கள். நம்மைப் பற்றிப் பிறர் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடவேண்டாம்.

அல்லாஹு தஆலா நம் பெற்றோரின் பிழை பொறுத்து, அவர்களுடைய கபுறுகளை விசாலமாக்குவானாக! ஆமீன்.