துப்பாக்கியும் கேமராவும்

நைனிதாலில் 1875-இல் பிறந்த ஜிம் கார்பெட்டுக்குச் சிறுவயதிலேயே ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கிடைத்தது. அதில் ஒரு குழல் வெடித்துப்போனது. மிச்சமிருந்த ஒற்றைக் குழலோடு காட்டுக்குள் திரிந்த பையனுக்குச் சுடுவதே சந்தோஷம்.

1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுடப் போனபோது வயது 32. அந்தப் பெண்புலியின் கணக்கில் 436 உயிர்கள். அப்போதும் அவர் போட்ட நிபந்தனை கவனிக்கத்தக்கது: அரசு அறிவித்த சன்மானத்தை முதலில் ரத்து செய்ய வேண்டும். காசுக்குச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம் என்று அந்த வயதிலேயே தோன்றியிருக்கிறது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கான மாற்றம் நேர்கோட்டில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930-இல், 55 வயதை நெருங்கும்போதுகூட, யாரையும் கொல்லாத பவல்கட் புலியை அதன் பிரம்மாண்டத்துக்காகவே சுட்டார். பெரிய புலி என்றால் அவருக்கும் கை துறுதுறுத்திருக்கிறது!

ஆனால் அதே காலத்தில்தான் சினிமா கேமராவும் அவர் கையில் ஏறியிருந்தது. அது ஓடும் சத்தத்தில் புலி மிரண்டது. ஓடைக்குக் குறுக்கே சிறு அணைகள் கட்டி, விழும் நீரின் இரைச்சலில் அந்தச் சத்தத்தை மறைத்தார். சுடுவதைவிடப் பல மடங்கு பொறுமை கேட்கும் வேலை அது. 63 வயதில், 1938-இல், தாக் கிராமத்துப் புலியோடு ஆட்கொல்லி வேட்டையை முடித்துக்கொண்டார். கேமராவை விடவில்லை.