கருவிக்கும் குலத்தொழில் உண்டோ?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தே ஏரிகள் உறைந்துவிடும். ஆங்குள்ளோர் பனிக்கட்டியின்மேல் நடந்துசென்று, பெருந்திருகு ஒன்றால் 6 அல்லது 8 அங்குல அகலத்திற்குத் துளையிட்டு, அதன்வழியே தூண்டில் இறக்கி மீன்பிடிக்கின்றனர். முன்னர் அத்திருகைக் கையால் சுற்றினர்; பின்னர்ப் பெட்ரோல் எந்திரமும் வந்தது. இப்பொழுதோ, தச்சர் கையாளும் பாட்டரி மின்துளைப்பானையே அத்திருகின் தலையிற் பொருத்திச் சுழற்றுகின்றனர் பலர்.

“மரந்துளைக்க ஆக்கிய கருவிக்கு ஏரியில் என்ன வேலை?” எனக் கேட்கலாம். இவ்வாதம் நமக்குப் புதிதன்று. மனிதரைப் பார்த்தே இதனைச் சொல்லிப் பழகிய சமூகமன்றோ நம்முடையது! உயிரற்ற இரும்பே பிறவித்தொழிலைக் கடக்குமாயின், அறிவுடையானைத் தகப்பன் தொழிலிற் கட்டிவைப்பது எந்த நியாயம்?

நிற்க. கருவியின் இயல்பறியாது அதனை வேறு வேலைக்கு ஏவுதல் பிழையே. திருகின் அலகு பனியிற் சிக்கினால் துளைப்பான் மணிக்கட்டை முறுக்கிவிடும். ஆதலின் பக்கக் கைப்பிடி வேண்டும். பிடி தளர்ந்தால் திருகு ஏரிக்குள் மூழ்கும். அதனைத் தடுக்க மேலே துளையினும் அகன்ற தட்டொன்று பூட்டுகின்றனர். கடுங்குளிரில் பாட்டரி வலுவிழக்குமாதலால், சட்டைக்குள் உடற்சூட்டிலே காக்கின்றனர்.

இரும்புக்கு இத்துணைப் பரிவு! புதுத்தொழிலிற் புகும் பிள்ளை முதல்நாள் தடுமாறினால், “இஃது உன் குலத்துக்கு வராது” என்று நகைக்கின்றோமே, அவனுக்கு ஒரு கைப்பிடியேனும் கொடுத்தோமா?