மேப்பிள் மரம் அழுகிறதா?

வெர்மான்டிலும் கியூபெக்கிலும் மார்ச் மாதத்தில் கொல்லையில் நிற்கும் மேப்பிள் மரத்திலிருந்து சாறு சொட்டுவதைப் பார்ப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, மரத்துக்கு வலிக்கிறதா என்பதுதான்.

இரவு உறைபனியில் மரம் வேரிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. மரநார்களுக்குள் இருக்கும் காற்று பனிக்கட்டிக்கு நடுவே இறுகிப்போகிறது. பகலில் வெயில் ஏறிப் பனி உருகியதும் அந்த அழுத்தம் சாற்றை வெளியே தள்ளுகிறது. குளிர்காலத்தில் வெட்டிய கிளை, மரங்கொத்தி இட்ட துளை, பனியால் பிளந்த பட்டை என்று எந்தத் திறப்பும் அதற்குப் போதும். தெளிந்த நீராக வடிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கருத்து, புளித்த நாற்றத்தோடு கசிந்தால் உள்ளே பாக்டீரியா குடியேறியிருக்கிறது. அதற்கு மருந்தில்லை, மரத்தை வாடவிடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மரத்துக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஆகவே சொட்டுவதைக் கண்ணீர் என்பது நம் துயரத்தை அதன்மேல் ஏற்றுவதாகும். ஆனால் வலி இல்லையென்றால் கடனும் இல்லை என்று முடிப்பது அவசரம். வலியை மட்டுமே அறத்தின் அளவுகோலாக வைத்தால், நமக்கு வாழ்வளிக்கும் பாதி உலகம் கணக்கிலேயே வராது.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதை வேறு வழியில் அணுகினார்கள். அனிஷினாபே மக்களின் கதையில், ஒரு காலத்தில் மேப்பிளிலிருந்து கெட்டிப் பாகே வடிந்தது. ஜனங்கள் உழைப்பையும் சடங்கையும் மறந்து, மரத்தடியில் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தார்கள். அதைக் கண்ட அவர்களின் தொன்மக் கதைநாயகன் நானபோஸோ, மரங்களில் தண்ணீரை ஊற்றிச் சாற்றை நீர்க்கவைத்தான். இன்றும் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் காய்ச்ச வேண்டும். எளிதாகக் கிடைப்பது நன்றியை மறக்கடிக்கும் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் கதைகள் குறைவு.

இன்னொரு பூர்வகுடியினரான ஹோடினோஷோனி மக்கள் சாறு ஏறும் பருவத்தில் புகையிலை இட்டு மேப்பிளுக்கு நன்றி சொல்கிறார்கள். மரம் அதைக் கேட்கிறதா என்று நிரூபிக்க யாரும் காத்திருக்கவில்லை; கொடுத்தவருக்குக் கடன்பட்டவர் செய்ய வேண்டியது அது. அந்தக் கடன் சாறு எடுக்கும் கைகளிலும் தெரியவேண்டும். குறுக்களவு 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த மரத்தைத் துளைக்கக் கூடாது. போன வருடத் தழும்பை விட்டு விலகியே புதுத் துளை இடவேண்டும், ஏனென்றால் மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு மேலே வளர்கிறது.