தோம்பும் திருமுழுக்கும்

ஆண்டவரின் திருமுழுக்கு விழா மறையுரை



யோர்தானில் இறங்கிய இயேசுவிடம் பாவம் இல்லை. ஆனாலும் பாவிகளோடு பாவியாக வரிசையில் நின்றார். தண்ணீரை விட்டு அவர் ஏறியதும் வானம் திறந்தது. தந்தை அவரைத் தம் அன்பு மகனாக அறிவித்தார். அதுவரை அவர் ஒரு புதுமையும் செய்திருக்கவில்லை, ஒரு போதனையும் தந்திருக்கவில்லை. மகன் என்பதாலேயே தந்தை பூரிப்படைந்தார். திருமுழுக்குத் தொட்டியில் நமக்கும் அந்தப் பிள்ளை உரிமைதான் கிடைத்தது. பிறப்புநிலைப் பாவம் நீங்கியது, திருச்சபையின் உறுப்பினரானோம். கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு புதுவாழ்வுக்கு எழுந்தோம் என்று உரோமையருக்கு எழுதுகிறார் பவுலடியார்.

இவ்வளவு பெரிய அருளை வெறும் கடதாசியாக்கிவிடவும் மனிதரால் முடியும். நம் நகரத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் எழுதிவைத்தார்கள். அரசாங்க உத்தியோகம் வேண்டுமா, அவர்களுடைய சபையில் சேர வேண்டும். பலர் தலையில் தண்ணீரை வாங்கினார்கள்; மனதைக் கொடுக்கவில்லை. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்த நெருக்குதல் விலகியபோது, பெயர் கொடுத்தவர்களில் பெருந்தொகையானோர் பழைய சமயத்துக்கே திரும்பிப் போனார்கள். வுல்வெண்டாலில் உள்ள பழைய ஒல்லாந்த ஆலயத்தில் இன்று செபிக்கும் சகோதரர்களை நான் குறை சொல்லவில்லை. மூவொரு கடவுளின் பெயரால் நீர் ஊற்றித் தரப்படும் திருமுழுக்கை நம் திருச்சபையும் மதித்து ஏற்கிறது. அருளைச் சலுகைக்கு விலையாக வைத்ததே அன்று நடந்த பிழை.

அதே காலத்தில் கத்தோலிக்கரின் நிலை என்ன? குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது. பல ஆண்டுகள் குருவின் முகத்தையே மக்கள் காணவில்லை. அப்படியிருக்க, 1687இல் கோவாவிலிருந்து ஓர் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் யோசேவ் வாஸ் அடிகளார். கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்தே மக்கள் அவரை இனங்கண்டார்கள். தமிழும் சிங்களமும் கற்றார். கால்நடையாக நடந்து, காத்துக்கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் திருமுழுக்குக் கொடுத்தார். அவர் போகமுடியாத இடங்களில் மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபம் நடத்தினார்கள். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு அவர்களே தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் திருமுழுக்கினால் யாருக்கும் உத்தியோகம் கிடைக்கவில்லை; ஆபத்துத்தான் கிடைத்தது. ஆனாலும் அந்த விசுவாசம் இன்றுவரை நிற்கிறது. அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நமது காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். வருகிற 16ஆம் திகதி அவருடைய திருநாள்.

அன்புக்குரிய பெற்றோரே, சான்றிதழ் தேவைதான். பாடசாலைக்கும் கேட்கிறார்கள், கல்யாணத்துக்கும் கேட்கிறார்கள். ஆனால் அதுவே நோக்கமாகிவிட்டால் நாமும் தோம்பில் பெயர் எழுதுகிறவர்களாகிவிடுவோம். கனடாவிலிருந்து சித்தப்பா வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று திருமுழுக்கைத் தள்ளிப்போடும் வீடுகள் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. பிறந்த முதல் வாரங்களிலேயே பிள்ளையைக் கொண்டுவரச் சொல்கிறது திருச்சபைச் சட்டம். ஞானத்தாய், ஞானத்தந்தையைச் சங்கிலி போடும் வசதி பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். பிள்ளைக்காகத் தினமும் செபிப்பாரா, வழி தவறினால் உரிமையோடு கூப்பிட்டுப் பேசுவாரா என்று பாருங்கள்.

சடங்கைக் கவனித்துப் பாருங்கள். குரு பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைகிறார். அதே இடத்தில் அப்பாவும் அம்மாவும் வரைகிறார்கள். தலையில் மூன்று முறை தண்ணீர் விழுகிறது. உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசப்படுகிறது. பிறகு பாஸ்காத் திரியிலிருந்து ஒரு மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. கைக்குழந்தையால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் பெரியவர் கையில் கொடுக்கப்படுகிறது. அந்த ஒளியை அணையாமல் காப்பது அன்றிலிருந்து உங்கள் கடமை. வீட்டில் மாலைச் செபம் இல்லாமல், மன்னிப்பு இல்லாமல் அதைக் காக்க முடியாது.

தீமையை விட்டுவிடுகிறேன் என்று அன்று நமக்காகப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வாக்கின் பாரத்தை 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது உணர்ந்தோம். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. நீதி கேட்பது அவர்களுடைய உரிமை. அதற்காக நாமும் அவர்களோடு நிற்க வேண்டும். ஆனால் அவ்வளவு வேதனையிலும் பழிவாங்கக் கை ஓங்காமல் பூசைக்குத் திரும்பி வந்தார்களே, அதுதான் வாழ்ந்து காட்டிய திருமுழுக்கு.

உங்கள் திருமுழுக்கு நாள் எது? திருத்தந்தை பிரான்சிஸ் மக்களிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. தெரியாவிட்டால் இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள். பங்குப் பதிவேட்டில் தேடுங்கள். பிறந்தநாளைப் போல அந்த நாளிலும் கோயிலுக்கு வந்து நன்றி சொல்லுங்கள். கோபித்திருக்கும் ஒருவரோடு அன்றைக்குச் சமாதானமாகுங்கள். சிறுவயதில் நமக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை, இப்போது எழுந்து நின்று நம் சொந்த வாயால் கொடுப்போம். ஆமென்.